ரோலர் டெர்பியில் விசில் பிடிப்பவர்களுக்கு: ஏழு நடுவர்கள் ஒரே குழுவாக வேலை செய்வது எப்படி

ரோலர் டெர்பியில் ஸ்கேட் அணிந்து நிற்கும் நடுவர்கள் அதிகபட்சம் 7 பேர். டிராக்கில் ஒரே நேரத்தில் ஆடுகிறவர்கள் 10 பேர். கிட்டத்தட்ட ஆளுக்கொரு நடுவர் இருக்கிறாரே, எது தப்பிவிடப் போகிறது என்ற நினைப்போடுதான் புதிதாக விசில் எடுக்கும் பலர் வருகிறார்கள். ஆனால் ஒரு பெரிய மோதல் நடந்தால் மனிதக் கண் தானாக அங்கேதான் போகும், 7 பேரும் அதையே பார்த்தால் டிராக்கின் மற்ற பகுதி முழுவதையும் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். நல்ல நடுவர் குழு என்று நான் சொல்வது, தன் பகுதியை விட்டுக் கண்ணை எடுக்காத, பக்கத்துப் பகுதியைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று உண்மையிலேயே நம்புகிற குழுவைத்தான். அந்த நம்பிக்கை ஆட்டத்தன்று காலையில் திடீரென்று வந்துவிடாது, அதைக் கட்ட வேண்டும். எப்படிக் கட்டுவது என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஆட்டமே புதிது என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். சக்கர ஸ்கேட் அணிந்து இரண்டு அணிகள் மோதும் ரோலர் டெர்பி 1935இல் சிகாகோவில் லியோ செல்ட்சர் தொடங்கியது, 2000களின் தொடக்கத்தில் டெக்சஸின் ஆஸ்டினில் புது வடிவம் எடுத்தது. இன்று சமதள டிராக்கில் பெரும்பாலானோர் ஆடுவது விமன்ஸ் ஃபிளாட் டிராக் டெர்பி அசோசியேஷன் வெளியிடும் விதிகளின்படிதான். தலா 30 நிமிடங்களில் இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியும் ஜாம் எனப்படும் பல குட்டிச் சுற்றாட்டங்களால் ஆனது, ஒரு ஜாம் அதிகபட்சம் 2 நிமிடம், இரண்டு ஜாம்களுக்கு நடுவே 30 விநாடி இடைவெளி. ஒவ்வொரு அணியிலும் ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்ட புள்ளி எடுக்கும் ஒரு ஜாமர், வழிமறிக்கும் நான்கு பிளாக்கர்கள், அந்த நால்வரில் ஒருவர் பட்டை போட்ட பிவட்டாக இருக்கலாம். ஜாமர் கூட்டத்தைத் துளைத்து முதல் தடவை வெளியே வந்த பிறகு, அடுத்தடுத்த சுற்றுகளில் எதிரணி பிளாக்கர் ஒவ்வொருவரையும் தாண்டும்போது ஒரு புள்ளி. விதிப்படி முதலில் வெளியே வந்த ஜாமர் லீட் ஜாமர், இரண்டு கைகளாலும் இடுப்பைத் தட்டி ஜாமை எப்போது வேண்டுமானாலும் முடிக்கும் உரிமை அவருக்கு மட்டும்.

யார் எதைப் பார்ப்பது

முழுக் குழு என்றால் இப்படிப் பிரியும்: டிராக்கின் உள்ளே பேக்கை, அதாவது இரு அணி பிளாக்கர்களும் கலந்த கூட்டத்தை, பார்க்கும் இரண்டு பேக் நடுவர்கள், இரண்டு ஜாமர் நடுவர்கள், வெளியே மூன்று வெளிப்பக்க நடுவர்கள். தலைமை நடுவர் வழக்கமாக உள்பக்க பேக் நடுவர்களில் ஒருவராகத்தான் இருப்பார்.

ஜாமர் நடுவருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார், அவருக்கு ஒதுக்கப்பட்ட ஜாமர். அவர் யாரைத் தாண்டினார், முதல் சுற்றில் சரியாக வந்தாரா, கோட்டுக்கு வெளியே போனாரா, எந்தப் புள்ளி உண்டு எது இல்லை, இடுப்பைத் தட்டினாரா என்று எல்லாமே இவர் பொறுப்பு. பக்கத்தில் ஒரு பிளாக்கர் இன்னொருவரை முதுகில் தள்ளிவிட்டாலும் அதைத் தேடி இவர் திரும்பக் கூடாது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பக்கத்திலேயே தடாலென்று ஒருவர் விழும் சத்தம் கேட்கும்போது கழுத்தைத் திருப்பாமல் இருப்பதற்கு நிஜமாகவே பயிற்சி வேண்டும்.

வெளிப்பக்க நடுவர்கள் மூவரும் ஓடும் தூரம்தான் அதிகம், ஏனென்றால் வளைவின் வெளிவட்டம் அவர்களுடையது. பேக்கின் முன்னால் ஒருவர், நடுவில் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நிற்பதும், பேக் வேகமெடுக்கும்போது யார் யாரிடம் ஒப்படைத்துவிட்டு எந்த இடத்துக்கு மாறுவது என்பதும் ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவாகியிருக்க வேண்டும். பேசாமல் விட்டால் பேக் மெதுவாக நகரும்போது மூவரும் ஒரே இடத்தில் குவிந்துவிடுவார்கள், வேகமாகப் போகும்போது மூவருமே பின்தங்கிவிடுவார்கள். "நான் முன்னால்", "பின்னால் இருக்கிறேன்", "மாறுகிறேன்" என்று மூன்று சொற்றொடர் போதும், ஆனால் அவற்றை உரக்கச் சொல்ல வேண்டும். மனசுக்குள் நினைத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

பகுதி பிரித்த பிறகு வரும் கஷ்டமான விஷயம் எல்லைக்கோடு. ஒரு ஜாமரை எதிரணி பிளாக்கர் வெளிக்கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஜாமர் நடுவருக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே ஐந்தாறு பேரின் உடம்பு மறைக்கிறது. கால் கோட்டைத் தாண்டித் தரையில் பட்டதா என்பது வெளிப்பக்க நடுவருக்குத்தான் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த ஜாமர் மறுபடி உள்ளே வரும்போது யாருக்குப் பின்னால் வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க, வெளியே போன கணத்தில் அவருக்கு முன்னால் யார் யார் இருந்தார்கள், தள்ளியவர் பின்னோக்கிப் போயிருக்கிறாரா, அவரே விழுந்துவிட்டாரா, கோட்டுக்கு வெளியே போய்விட்டாரா என்பதெல்லாம் தெரிய வேண்டும். இதை ஒரே ஆள் முழுவதாகப் பார்ப்பது அபூர்வம். வெளியே இருப்பவர் "வெளியே போனார், தள்ளியவர் இவர்" என்பதைக் கையால் காட்ட, உள்ளே இருப்பவர் திரும்பி வரும் இடத்தைப் பார்க்க, இரண்டும் சேர்ந்துதான் ஒரு கட் பெனால்ட்டி (வெளியே போனவர் தவறான இடத்தில் உள்ளே நுழைந்ததற்கான தண்டனை) முழுமையாகிறது. இதற்கான கை அடையாளத்தை உங்கள் குழுவுக்குள் முன்கூட்டியே முடிவு செய்து, எல்லாரும் ஒன்றாகச் செய்து பாருங்கள்.

பேக் எங்கே இருக்கிறது?

இந்த ஆட்டத்தில் நடுவர்களின் ஒற்றுமை அதிகம் சோதிக்கப்படும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

பேக் என்பது இரு அணி பிளாக்கர்களும் கலந்திருக்கும் மிகப் பெரிய குழு. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடைவெளி 10 அடிக்குள் இருக்க வேண்டும், எல்லாரும் கோட்டுக்குள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும். விழுந்து கிடப்பவரும் வெளியே இருப்பவரும் கணக்கில் வரமாட்டார்கள். தூரத்தை இடுப்பிலிருந்து இடுப்புக்கு அளக்க வேண்டும், ஸ்கேட்டிலிருந்து அல்ல. புதியவர்கள் தரையில் சக்கரத்தைப் பார்த்தே பழகிவிடுகிறார்கள், ஒருவர் காலை நீட்டிக் குனிந்து நின்றால் அதில் நல்ல வித்தியாசம் வந்துவிடும். டிராக்கில் 10 அடிக்கு ஒன்றாகப் போட்டிருக்கும் குறுக்குக் குறிகள் உங்கள் அளவுகோல், அவற்றைக் கண் ஓரத்தில் வைத்துக்கொண்டே இடுப்பைப் பாருங்கள். பேக்கின் முன்னாலும் பின்னாலும் 20 அடி வரை ஆட அனுமதி, அதைத் தாண்டியவர் அவுட் ஆஃப் பிளே.

இப்போது ஒரு ஜாமை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அணியின் மூன்று பேர் தங்கள் ஜாமருக்கு வழிவிட முன்னால் ஓடுகிறார்கள், எதிரணி நால்வரும் பின்னால் பிரேக் போட்டு நிற்கிறார்கள், நடுவே ஒரே ஒருவர் பாலம்போல இரண்டு பக்கத்தையும் இணைத்துக்கொண்டிருக்கிறார், அவரையும் யாரோ இடித்து விழவைத்துவிட்டார்கள். அந்த நொடியில் பேக் இல்லை. முன்பக்க நடுவர் முன்னால் இருப்பவர்களை மட்டும் பார்த்து "இங்கேதான் பேக்" என்று நினைக்க, பின்பக்க நடுவர் "நோ பேக்" என்று கத்தினால், ஆட்டக்காரர்களுக்கு இரண்டு விதமான செய்தி போகிறது. நோ பேக் என்றால் பிளாக்கர்கள் யாரும் மோதக் கூடாது, உடனடியாக ஒன்றுசேர முயல வேண்டும், முயலாதவருக்குப் பெனால்ட்டி. அறிவிப்பே குழம்பியிருக்கும்போது எந்த நியாயத்தில் ஒருவரைப் பெட்டிக்கு, அதாவது தண்டனை நேரத்தைக் கழிக்கும் இடத்துக்கு, அனுப்புவீர்கள்?

இதற்கு வழி, இரண்டு பேக் நடுவர்களும் ஜாம் முழுக்க ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே இருப்பதுதான். பேக் நன்றாக ஒட்டியிருக்கும்போதும் பேசுங்கள். "ஒட்டியிருக்கு", "விரியுது", "எட்டு அடி", "ஒன்பது" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தால், உடையப் போகும் நொடியில் இரண்டு பேருமே தயாராக இருப்பார்கள், நோ பேக் அறிவிப்பு இரண்டு வாயிலிருந்தும் ஒன்றாக வரும், கை சைகையும் ஒன்றாக எழும். உடைந்த பிறகு பேச ஆரம்பிக்கும் ஜோடி எப்போதும் ஒரு நொடி தாமதம்தான், அந்த ஒரு நொடியில் ஜாமர் வெளியே போய்விடுவார். இருவரும் வேறு வேறாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே பேசி வையுங்கள். தலைமை நடுவர் சொல்வதை மற்றவர் அப்போதே எடுத்துக்கொண்டு அதையே திரும்பச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. யார் சொன்னது சரி என்பதை ஜாம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம்.

விசில், குரல், கை

அடிப்படை எல்லாருக்கும் ஒன்றே: ஜாம் தொடங்க ஒரு குட்டை விசில், லீட் ஜாமருக்கு இரண்டு குட்டை, பெனால்ட்டிக்கு ஒரு நீளம், ஜாம் முடிய வேகமான நான்கு குட்டை. பெனால்ட்டி சொல்லும் வரிசையும் மாறாது. முதலில் நிறம், அப்புறம் எண், அப்புறம் என்ன தவறு, கூடவே கை சைகை. எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். "பிளாக், ஃபோர், செவன், பேக் பிளாக்", அதாவது கறுப்பு அணி, எண் 47, முதுகில் இடித்த தவறு. இரைச்சலில் இதுதான் தெளிவாகப் போய்ச் சேரும். நிறம் சொன்னதும் அந்த அணியே காதைத் தீட்டும், எண் வந்ததும் உரியவர் திரும்புவார். வரிசையை மாற்றினால் யாருக்கென்றே தெரியாமல் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

சைகையைச் சட்டென்று இறக்கிவிடாதீர்கள். நீங்கள் காட்டுவது ஆட்டக்காரருக்கு மட்டுமில்லை, உள்ளே பெனால்ட்டி எழுதுபவருக்கும்தான், சக நடுவர்களுக்கும்தான். வெளிப்பக்க நடுவர் காட்டியதை உள்ளே எழுதுபவர் பார்த்துத் தலையசைக்கும் வரை கை மேலேயே இருக்கட்டும். ஜாமர் நடுவர் விரலில் காட்டும் புள்ளிகளுக்கும் இதே பழக்கம்தான், ஸ்கோர் எழுதுபவர் கண்ணில் கண் பட்ட பிறகுதான் இறக்க வேண்டும்.

விசில் ஊதியதும் ஒருவர் பெட்டிக்குப் போகிறாரா என்பதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு நின்றுவிடுவது இன்னொரு பழக்கம். அவருக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்தவுடன் உங்கள் பகுதிக்குத் திரும்பிவிடுங்கள். பெட்டியில் அவருடைய 30 விநாடியை எண்ண வேறு ஆள் இருக்கிறார். கேட்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் மறுபடி விசில், மறுபடி அதே வரிசை, பக்கத்து நடுவரும் சேர்ந்து சொல்லட்டும்.

பாதி நிச்சயத்துக்கு விசில் இல்லை

2013க்கு முன்பு மைனர் பெனால்ட்டி என்று ஒன்று இருந்தது, சின்னத் தவறுகள் நான்கு சேர்ந்தால்தான் ஆட்டக்காரர் பெட்டிக்குப் போவார். அது போய்விட்டது. இப்போது ஒரு செயல் ஒன்று பெனால்ட்டி, இல்லையென்றால் ஒன்றுமில்லை. 7 பெனால்ட்டி சேர்ந்தால் அந்த ஆட்டக்காரர் ஆட்டத்திலிருந்தே வெளியேற வேண்டும், ஆகவே ஒவ்வொரு விசிலுக்கும் எடை இருக்கிறது. பெனால்ட்டியா என்று சந்தேகம் இருந்தால் கொடுக்கக் கூடாது என்பதே விதி. ஒருவர் விழுந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, எப்படி விழுந்திருப்பார் என்று ஊகித்து விசில் ஊதவே கூடாது. தொடக்கத்தையும் நடுவையும் விளைவையும் பார்த்திருக்க வேண்டும். பகுதி பிரிப்பு இங்கேதான் கைகொடுக்கிறது, தன் பகுதியையே தொடர்ந்து பார்ப்பவருக்குத்தான் தொடக்கம் தெரியும்.

இதோடு சேர்ந்தது சக நடுவரின் அழைப்புக்கு மதிப்புக் கொடுப்பது. நீங்கள் பார்க்காத ஒன்றை அவர் சொல்லியிருந்தால், உங்களுக்கு அதில் சொல்ல எதுவும் இல்லை. நீங்கள் வேறு கோணத்தில் உறுதியாக வேறு ஒன்றைப் பார்த்திருந்தால், ஜாம் முடிந்ததும் அவரிடமோ தலைமை நடுவரிடமோ சொல்லுங்கள், தேவைப்பட்டால் தலைமை நடுவர் ஆட்டத்தை நிறுத்தித் திருத்துவார். டிராக்கில் வைத்துத் தலையை ஆட்டுவதும், கையை விரிப்பதும், ஆட்டக்காரரிடம் "எனக்கும் அப்படித் தெரியவில்லை" என்று சொல்வதும் ஒருபோதும் வேண்டாம். ஒரு முறை அப்படி நடந்தால் அந்த நடுவர் மீதி ஆட்டம் முழுக்க விசிலை வாயருகே கொண்டுபோகவே தயங்குவார், நானே பல குழுக்களில் பார்த்திருக்கிறேன், அந்தத் தயக்கம் மற்றவர்களுக்கும் பரவும்.

அஃபிஷியல் ரிவ்யூ, அதாவது நடுவர் முடிவை மறுபடி பார்க்கச் சொல்லி அணி கேட்பது, வரும்போது குழு எப்படிப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒரு பாதிக்கு ஒவ்வொரு அணிக்கும் ஒரு ரிவ்யூ உண்டு. கேப்டன் தலைமை நடுவரிடம் எதைப் பார்க்கச் சொல்கிறார் என்பதை அவர் முழுவதும் கேட்டு, தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதி செய்துவிட்டு, மற்ற நடுவர்களை உள்ளே கூட்ட வேண்டும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி "பெனால்ட்டியா இல்லையா?" என்பதில்லை. "நீ என்ன பார்த்தாய்?" என்றுதான் கேட்க வேண்டும், அந்த இடத்துக்குப் பொறுப்பானவரிடம் முதலில். அவர் பார்த்ததை மட்டும் இரண்டு வாக்கியத்தில் சொல்லட்டும், அப்புறம் வேறு கோணத்தில் இருந்தவர். பார்க்காதவர் "நான் பார்க்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளட்டும், இந்தப் பதிலைக் கூச்சமில்லாமல் சொல்லத் தெரிந்த குழுவுக்கு ரிவ்யூ சீக்கிரம் முடிந்துவிடும். திருத்தும் அளவுக்கு யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை என்றால் முதலில் கொடுத்த முடிவே நிற்கும். அப்புறம் தலைமை நடுவர் மட்டும் போய்க் கேப்டன்களிடம் பேசுவார், மற்றவர்கள் தங்கள் இடத்துக்கு.

ஸ்கேட் அணியாதவர்களும் குழுதான்

ஜாம் டைமர், ஸ்கோர் எழுதுபவர்கள், பெனால்ட்டி டிராக்கர், பெட்டியில் நேரம் பார்ப்பவர்கள், லைன்அப் எழுதுபவர்கள் என்று ஸ்கேட் போடாத அலுவலர்கள் பலர் இருக்கிறார்கள். இவர்களைச் சேர்க்காமல் கோடு போட்ட சட்டைக்காரர்கள் மட்டும் தனியாகக் கூடிப் பேசும் குழு எனக்குப் பிடிக்காது, அது ஆட்டத்திலும் எதிரொலிக்கும். ஒரு ஆட்டக்காரருக்கு இது ஆறாவது பெனால்ட்டி என்று முதலில் கவனிப்பவர் பெனால்ட்டி எழுதுபவர்தான். பெட்டியிலிருந்து ஒருவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார் என்பதை அறிபவர் அங்கே உட்கார்ந்திருப்பவர்தான். அவர்கள் கையைத் தூக்கினால் யார் போய்க் கேட்பது என்பதை ஆட்டத்துக்கு முந்தைய கூட்டத்தில் பெயர் சொல்லி ஒதுக்குங்கள். அந்தக் கூட்டம் நீளமாக இருக்க வேண்டியதில்லை: யார் எந்த இடம், வெளிப்பக்கச் சுழற்சி எப்படி, பேக் பற்றி முரண்பட்டால் யார் சொல்வது, ஆட்டத்தை நிறுத்த வேண்டுமானால் என்ன அடையாளம். இவ்வளவுதான், ஆனால் எல்லாரும் அங்கே இருக்க வேண்டும்.

பயிற்சியில் என்ன செய்யலாம்

பெரும்பாலான இடங்களில் நடுவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள், தனியாகப் பயிற்சிக்கு நேரம் கிடைப்பது கஷ்டம். அணிகளின் பயிற்சி ஆட்டங்களையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். எனக்குப் பயன் தந்தவற்றில் முதலாவது, பேக் பார்க்கும் பயிற்சி. சிலரை டிராக்கில் மெதுவாக நடக்கச் சொல்லி, எதிர்பாராத நேரத்தில் எல்லாரையும் உறைந்து நிற்கவைத்து, நடுவர்கள் ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் பேக்கின் முதல் ஆளையும் கடைசி ஆளையும் சுட்டிக்காட்ட வேண்டும். வேறு வேறாகக் காட்டினால் டேப் வைத்து அளந்து பாருங்கள். சில வாரம் தொடர்ந்து செய்தால் 10 அடி என்பது கண்ணுக்குப் பழகிவிடும், அதைவிட முக்கியமாக எல்லாருடைய 10 அடியும் ஒரே 10 அடியாகிவிடும். ஒரு நடுவருக்கு 9 அடி, இன்னொருவருக்கு 12 அடி என்றால் ஆட்டக்காரர்கள் பாவம்.

இன்னொன்று, பழைய ஆட்டத்தின் வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தைக் கொடுப்பது. ஒரு ஜாம் முடிந்ததும் நிறுத்தி, தன் பகுதியில் நடந்ததை மட்டும் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பகுதிக் கதையை யாராவது சொல்ல ஆரம்பித்தால் அவருடைய கண் எங்கே போயிருந்தது என்பது தெரிந்துவிடும். குற்றம் சொல்லாமல் அடுத்த ஜாமுக்குப் போய்விடுங்கள்.

ஸ்கேட்டிங்கையும் விட்டுவிடாதீர்கள். சடாரென்று நிற்பது, திரும்புவது, பக்கவாட்டில் நகர்வது, பின்னோக்கிப் போவது இதெல்லாம் யோசிக்காமல் வர வேண்டும். காலைப் பற்றி யோசிப்பவருக்குக் கண்ணைப் பற்றி யோசிக்க இடம் இருக்காது.

ஆட்டம் முடிந்த பிறகு

விதிகளையும் முடிவுகளையும் பற்றிய பேச்சை எல்லாரும் தண்ணீர் குடித்து உட்கார்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் வேலை செய்த ஒருவரிடம், அவர் செய்ததில் தனக்கு உதவியாக இருந்த ஒன்றையும், அடுத்த முறை வேறு மாதிரி வேண்டும் என்ற ஒன்றையும் சொல்லட்டும். "நன்றாகச் செய்தாய்" என்பது யாருக்கும் உதவாது. "மூன்றாவது வளைவில் நீ உரக்கச் சொன்னதால்தான் நான் நேரத்துக்கு இடம் மாறினேன்" என்பது உதவும். கடுமையான குறை இருந்தால் தனியாக, அன்றே, நேரில் சொல்லுங்கள். வேறு யார் வழியாகவோ போய்ச் சேர விடாதீர்கள்.

கடைசியாக, புதியவரை எங்கே போடுவது என்ற கேள்வி எல்லாக் குழுவிலும் வரும். பலர் நேராக ஜாமர் நடுவராகப் போடுகிறார்கள், ஒரே ஆளைப் பார்த்தால் போதுமே என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை, புள்ளிக்கணக்கும் லீட் அறிவிப்பும் அவர் தலையில் மட்டுமே விழும். வெளிப்பக்கத்தில் நடு இடத்தில் போடுங்கள், இரண்டு பக்கமும் அனுபவசாலிகள் இருப்பார்கள், அவர்கள் உரக்கப் பேசிக்கொள்வதைக் கேட்டே பாதி கற்றுக்கொள்வார். கட், பேக் பிளாக் என்று இரண்டு பெனால்ட்டிகளை மட்டும் தேடச் சொல்லுங்கள். ஜாம்களுக்கு நடுவே உள்ள 30 விநாடியில் பக்கத்தில் இருப்பவர் அவரிடம் "என்ன பார்த்தாய்?" என்று கேட்கட்டும். முதல் பாதி தடுமாற்றமாக இருந்தாலும் இரண்டாம் பாதியில் இடத்தை மாற்றாமல் அங்கேயே விடுங்கள், அதே கோட்டை, அதே கோணத்தில், மறுபடி ஒரு 30 நிமிடம் பார்க்கட்டும்.